தாவீது பிடுங்கிய ஒயர்கள்

கருங்குழி தாவீதுக்குப் படிப்பு வராது என்று எவனும் சொல்லிவிட முடியாது. அவன் வம்சத்தில் வயலில் குனியாமல், நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். ஆனால் 1957-ல் மெட்ராஸ் கணக்காபீஸில் வந்து இறங்கிய அந்த மிஷினுக்கு முன்னால் திருதிருவென்று முழித்தான்.

அட்டையில் போட்ட ஓட்டைகளைப் படித்து, தானே கூட்டிக் கழித்துப் பட்டியல் அடிக்கிற மிஷின் அது. என்ன செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்வது ஒரு பலகை. பலகை நிறையத் துளைகள். எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்கு ஒயர் போகிறதோ, அதுதான் மிஷினுக்குப் புரிகிற பாஷை. குமாஸ்தாக்களுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். ஒயர் மாட்டத் தெரிந்தவன் மெட்ராஸில் இருக்கலாம். தெரியாதவன் நாக்பூர் கிளைக்கு மூட்டை கட்ட வேண்டும்.

நாக்பூர் போனால் செங்கம்மாளை யார் பார்ப்பது? அவன் பெண்டாட்டி செங்கம்மாள், செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணி தொழுநோய் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வைத்தியம் முடிய வருஷக்கணக்காகும் என்றார்கள். கூடப்பிறந்தவனே எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டான். ஞாயிறு தவறாமல் வந்து நிற்கிற ஒரே ஜென்மம் தாவீதுதான். அதற்காகவே செங்கல்பட்டில் அறை எடுத்துத் தங்கி, தினம் மெட்ராஸுக்கு ரயிலில் அல்லாடினான்.

சொல்லிக்கொடுக்க நாதியில்லை. மிஷினில் மாட்டியிருந்த பலகைகளைப் பார்த்து, ஓர் அட்டையில் நூல் கோத்து அப்படியே காப்பியடித்தான். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் அவளிடம் காட்டினான்.

"இந்தச் செவப்பு நூலு இன்னாத்துக்கு?" என்றாள்.

"அங்க இருந்துச்சி, போட்டேன்."

"அது இல்லாட்டி இன்னா ஆவும்?"

"எனுக்கு இன்னாமே தெரியும்!" என்று சீறினான். சீறிய பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஈயடிச்சான் காப்பி அடித்தவனுக்குப் பரீட்சையில் வேறு கணக்கு கொடுத்தால் என்ன செய்வான்?

மறுநாளிலிருந்து, எல்லோரும் சாப்பிடப் போனதும் மிஷின் அறைக்குள் நுழைந்தான். ஓர் ஒயரைப் பிடுங்குவான். கழித்துப்போட்ட அட்டைகளை ஓட்டிப் பார்ப்பான். பெயர் விழவில்லையா, அந்த ஒயர் பெயருக்கு. கூட்டல் வரவில்லையா, அது கூட்டலுக்கு. திரும்ப மாட்டிவிடுவான். அடடா, இதுவல்லவோ படிப்பு! வயிறு காய்ந்தாலும் பாஷை பிடிபட்டுவிட்டது.

பரீட்சைக்கு முந்தின நாள் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. பதறிப்போய், பிடுங்கிய ஒயரைப் பக்கத்துத் துளையில் செருகிவிட்டு ஓடிவந்தான், பாவி மனுஷன். சாயங்காலம் அடித்த சம்பளப் பட்டியல் முழுக்க ஒருவன் தொகை இன்னொருவன் பெயரில் விழுந்திருந்தது.

"பலகையை மாட்டினது நீதானேய்யா? நாளைக்கு இந்தப் பக்கம் தலை காட்டாதே!" என்று மிஷின் ஓட்டும் உப்பிலியைப் பார்த்துக் கத்தினார் சூப்பிரண்டு கஸ்தூரிரங்கன்.

உப்பிலி பிள்ளைகுட்டிக்காரர். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாவீது வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாளைக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஜெயிப்பான். செங்கம்மாள் முகம் வந்து நின்றது. கர்த்தரே, என்னை ஏன் இப்படிச் சோதிக்கிறீர் என்று உள்ளுக்குள் கதறினான்.

"நான்தான் சார் கை வெச்சேன்" என்றான்.

அவனைப் பரீட்சைக்கு விடவில்லை. நாக்பூர் உத்தரவு கைக்கு வந்தது. உப்பிலி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது என்ன? வேலையை உதறலாம் என்றால், கருங்குழியில் அவன் சம்பளத்தையே நம்பிக் கிடக்கிற தாய் தகப்பனுக்கு யார் சோறு போடுவது?

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினான். "அத்தினி ஒயரும் இப்ப எனுக்கு அத்துப்படி. நீ எத வோணா கேளு" என்றான்.

அவள் ஒயரைப் பற்றிக் கேட்கவில்லை. "என்னிக்கி ரயிலு?"

"செவ்வாக்கெழம."

அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். "என் கையப் புடிச்சிகினு கீறியா? விரல்ல ஒண்ணும் தெரியல. கொஞ்சம் மேல புடி. அங்க தெரியும்."

பார்வை நேரம் முடியும்வரை தாவீது அவள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தான்.