மோரிப் கடற்கரையில் எட்டுப் பட்டங்களுக்குக் காவல்

வியாழன், காலை 7.10. பிரிக்பீல்ட்ஸ்.

கண்டக்டர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு என் மனைவி கமலாவைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றிருந்த நாலடி அகலப் பட்டத்தைப் பார்த்தார்.

“இது என்னா அண்ணே?”

“காத்தாடி. மோரிப்புல விழா. மூணு நாளு, கூடாரம் போட்டுத் தங்கப் போறோம்.”

“சீட்டுல உக்காருமா?”

“இல்ல, நிக்கும்.”

“நின்னா அரை டிக்கெட் லா.”

கிள்ளானுக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி இருபது காசு, பட்டத்துக்கு அறுபது காசு. என் பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் எடுத்து எத்தனையோ வருடமாகிவிட்டது. மறுபடி ஒன்று எடுத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கமலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இது நடந்தது எண்பதுகளின் நடுவில். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது, ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. ஞாயிறு மாலைகளில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருந்த திடலில் பட்டம் விடுவேன். விடுவேன் என்பதைவிட விழவைப்பேன் என்பது சரி. பட்டம் நன்றாகத்தான் ஏறும். ஏறியதும் எனக்குள் ஒரு பயம் புகுந்துகொள்ளும். சாய்கிறதோ என்று ஒரு இழு இழுப்பேன். இழுத்தது அதிகமோ என்று விடுவேன். விட்டது அதிகமோ என்று மறுபடி இழுப்பேன். பட்டம் என்னைப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தலைகீழாக இறங்கிவிடும். என் சாதனை ஆறு நிமிடம். ஆபீசில் என் பெயரும் ‘ஆறு நிமிஷம்’தான்.

மோரிப் போட்டியில் பட்டம் அரை மணி நேரம் ஆகாயத்தில் நின்றால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் போட்டி. நான் பெயர் கொடுத்துவிட்டேன். கொடுத்ததோடு விட்டேனா? ஆபீஸ் முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டேன். திரும்பிப் போனால் எல்லோரும் கேட்கப்போவது ஒரே கேள்வி: எத்தனை நிமிஷம்?

காலை 8.20. கிள்ளான்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து சுமார் இருபது மைல். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தோசை சாப்பிட்டோம். பட்டம் நாற்காலியில் சாய்ந்து நின்றது. கடைக்காரர் அதற்கும் சேர்த்து மூன்று தண்ணீர்க் குவளை வைத்தார். கேலியா, பழக்கமா தெரியவில்லை. பந்திங் போகிற பஸ் ஒன்பது நாற்பதுக்கு. பந்திங்கில் இறங்கி இன்னொரு பஸ் ஏறினால், வழியெல்லாம் செம்பனைத் தோட்டம், அப்புறம் கொஞ்சம் கம்பம் என்கிற மலாய்க் கிராமம், அப்புறம் திடீரென்று கடல். பன்னிரண்டே காலுக்கு மோரிப்.

கூடாரம் பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கியது. முளைகள் ஆறு தேவை, பையில் நான்குதான் இருந்தன. மீதி இரண்டுக்குக் கமலாவின் குழம்புக் கரண்டியையும் தோசைத் திருப்பியையும் மணலில் அடித்தேன். அந்த மூன்று நாளும் குழம்பு கலக்க வேண்டும் என்றால் யாராவது ஒருவர் கூடாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

எங்களுக்குப் பக்கத்தில் கிளந்தானிலிருந்து லோரியில் வந்த எட்டுப் பேர். ஆளுக்கு ஒரு வாவ், அதாவது மலாய்க்காரர்களின் பெரிய பட்டம். ஒவ்வொன்றும் என்னைவிட உயரம். உடல் முழுக்க வண்ணக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய இலையும் கொடியும். தலையில் ஒரு வில். அந்த வில்லில் இழுத்துக் கட்டிய ஓலை நாடா காற்று பட்டதும் ‘ம்ம்ம்’ என்று முனகும். எட்டும் சேர்ந்து முனகினால் நாலு லோரி ஒன்றாக மேடு ஏறுகிற சத்தம்.

அவர்களுடைய தலைவர் பாக் லோங். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை ‘அண்ணே’; என்னைவிட மூத்தவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். மற்றதெல்லாம் மலாயில். பட்டத்தை ஏற்றி, நூலைத் தென்னைமரத்தில் கட்டிவிட்டு, அவர் பாட்டுக்குக் கோப்பி குடிக்கப் போய்விடுவார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பட்டத்தை மேலே விட்டுவிட்டு ஒரு மனிதனால் எப்படிக் கோப்பி குடிக்க முடியும்?

வெள்ளி, காலை 9.00.

பயிற்சிக்காக என் பட்டத்தை நான்கு தடவை ஏற்றினேன். முதல் தடவை கடலில் விழுந்தது. காயவைத்து ஏற்றியதும் கமலா காயப்போட்ட சேலையில். மூன்றாவது கூடாரத்தில், தோசைத் திருப்பி பக்கமாக. நான்காவது பாக் லோங் கோப்பி குடித்துக்கொண்டிருந்த பாய்க்கு நேராக இறங்கியது. அவர் கோப்பியை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, “அண்ணே, உன் கைக்கு வேற வேலை குடு” என்றார்.

பகல் 12.40.

ஜும்மா தொழுகை நேரம். எட்டுப் பேரும் குளித்து, சாரோங் கட்டி, தலையில் சொங்கோக் தொப்பி வைத்து லோரியில் ஏறினார்கள். பள்ளிவாசல் இரண்டு மைல். கடற்கரையிலிருந்த மற்ற மலாய்க்காரர்களும் கிளம்பிவிட்டார்கள். எட்டு வாவும் எட்டுத் தென்னையில் கட்டியபடி மேலே நின்றன. பாக் லோங் லோரியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார்.

“அண்ணே, மூணு மணிக்குப் போட்டி. அதுவரைக்கும் இதெல்லாம் மேலேயே இருக்கட்டும். நீ பாத்துக்கோ.”

“நானா?”

“பாத்தா போதும். ஜாங்கான் பெகாங்.”

தொடாதே என்று அர்த்தம். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவையும் சொன்னார். “ஜாங்கான் பெகாங், அண்ணே.”

12.55.

அவர்கள் போனதும், யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் என் பட்டத்தை ஐந்தாவது தடவையாக ஏற்றினேன். ஜம்மென்று ஏறியது. சாட்சிக்கு ஒரு ஆள் இல்லை. கமலா மட்டும் குழம்பு இருந்த சட்டியைத் தேங்காய் மட்டையால் கலக்கிக்கொண்டிருந்தாள். எட்டுப் பட்டத்துக்குக் காவல்காரன் ஒன்பதாவதோடு விளையாடக்கூடாது என்று, நூலைக் கூடாரத்துக்குப் பின்னாலிருந்த சவுக்கு மரத்தில் கட்டிவிட்டுக் கடமைக்குப் போனேன். போனதும் அதை அடியோடு மறந்துவிட்டேன்.

1.10.

எட்டையும் எண்ணினேன். எட்டுதான் இருந்தது. மறுபடி எண்ணினேன்.

1.25.

கடலின் மேல் ஒரு கறுப்பு மேகம். எங்கேயோ ‘குடுகுடு’ என்றது. எட்டு வாவின் முனகலும் சட்டென்று உயர்ந்த மாதிரி எனக்குக் கேட்டது. மழை வந்தால் காகிதம் கரையும். இடி விழுந்தால் நூல் வழியாகத் தென்னைக்கு வரும். தென்னையிலிருந்து எனக்கு வரும். கிளந்தானிலிருந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்த எட்டுப் பட்டமும் ஒரு பிரிக்பீல்ட்ஸ் கிராணியின் கண்ணெதிரே கூழாகப் போகும்.

“கமலா! எல்லாத்தையும் இறக்கணும்!”

“தொடாதேன்னுதானே சொன்னாரு?”

“மழ வரும்னு சொல்லலியே!”

மரத்தடியில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த அஞ்சலை அக்கா, பக்கத்துத் தோட்டத்துக்காரர், கத்தியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். “அது பந்திங் பக்கம் போற மேகம்ண்ணே. இங்க வராது.”

“அக்கா, இந்தக் கறுப்பப் பாருங்க!”

“நான் பதினெட்டு வருசமா பாக்கறேன். நீங்க இப்பத்தான் பாக்கறீங்க.”

நான் கேட்கிற நிலையிலா இருந்தேன்? முதல் நூலை மரத்திலிருந்து அவிழ்த்தேன். அவிழ்த்ததும் அந்த வாவ் என்னைக் கடலைப் பார்த்துப் பத்தடி இழுத்துக்கொண்டு போனது. ஒரு செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. கமலா ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் வெட்டவெளியில் அவள் என்னைக் கட்டிப்பிடித்தது அதுதான் முதல் தடவை. இதை அவளிடம் சொன்னேன். “வாய மூடிக்கிட்டு இழுங்க!” என்றாள்.

பெரிய பட்டத்தை நூலைச் சுற்றி இறக்க முடியாது. நூலைக் கக்கத்தில் அமுக்கிக்கொண்டு பட்டத்தை நோக்கி நடக்க வேண்டும். நூல் பின்னால் மணலில் கிடந்துகொண்டே வரும். இரண்டாவதுக்கு அஞ்சலை அக்கா கை கொடுத்தார், என் கூத்தைப் பார்க்கச் சகிக்காமல். மூன்றாவதுக்கு ஐஸ்கிரீம் விற்ற சீன அங்கிள் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். “பாஸ், ஏன் இறக்கறே?” என்று மட்டும் கேட்டார். நான் நூலை அவர் கையில் திணித்தேன்.

2.05.

எட்டும் கீழே. ஒரு கீறல் இல்லை. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். மணலில் எட்டு நூலும் ஒன்றின்மேல் ஒன்றாக, குறுக்கும் நெடுக்குமாக, மிதித்து, உழுது, போதாததற்கு ஐஸ்கிரீம் சைக்கிள் நடுவில் ஓடி, ஒரு ஊருக்கே போடலாம்போல இடியாப்பமாகக் கிடந்தன.

அப்போது வெயில் வந்தது. பளீரென்று. மேகம் பந்திங் பக்கம் போயிருந்தது. அஞ்சலை அக்கா ஒரு இளநீரைச் சீவி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

2.20.

லோரி வந்தது. எட்டுப் பேரும் இறங்கினார்கள். இறங்கியவர்கள் வழக்கம்போல மேலே பார்த்தார்கள். மேலே ஒன்றுமில்லை. கீழே பார்த்தார்கள். கீழே எல்லாம் இருந்தது.

“மழ வர்ற மாதிரி இருந்துச்சு...” என்று ஆரம்பித்தேன். பாக் லோங் கையை உயர்த்தினார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார்.

‘ம்ம்ம்...’

கொசு முனகுகிற அளவுக்குத்தான் அந்தச் சத்தம், வில் இல்லாத வெறும் நூல் காற்றில் அதிர்வதுபோல. அவர் அதைத் தேடிக்கொண்டு கூடாரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனார். நானும் போனேன். சவுக்கு மரத்துக்கு மேலே, ஒரு ஆட்டம் இல்லாமல், ஆணியடித்து மாட்டியதுபோல நின்றுகொண்டிருந்தது என் பட்டம்.

“அது யாருது?”

“என்... என்னுதுதான்.”

“எவ்வளவு நேரமா?”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கமலாதான் சொன்னாள்: “ஒண்ணரை மணி நேரமா. இவரு அதத் தொடவே இல்ல.”

பாக் லோங் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. என்னை மணலில் உட்காரவைத்து, அந்த இடியாப்பத்திலிருந்து ஒரு முனையைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்தார்.

“இத நீ தொடலாம்.”

ஏழு மணி வரை தொட்டுக்கொண்டிருந்தேன். எட்டு வாவும் இல்லாமல் என்ன போட்டி என்று, நடுவர்கள் அதை மறுநாள் காலைக்குத் தள்ளிவைத்துவிட்டு, அவர்களும் வந்து ஆளுக்கொரு சிக்கல் எடுத்தார்கள். அஞ்சலை அக்காவுக்கு அன்றைக்கு மூன்று நாள் வியாபாரம்.

சனி, காலை 10.00.

போட்டி. என் பட்டம் ஏறியது. நூலை மரத்தில் கட்டியதும் கமலா என் இரண்டு கையிலும் ஒவ்வொரு இளநீரைக் கொடுத்தாள். “கீழ வெச்சீங்கன்னா பாத்துக்கோங்க” என்றாள். பட்டம் இடப்பக்கம் சாய்ந்தபோது இடது இளநீரைக் குடித்தேன். வலப்பக்கம் சாய்ந்தபோது வலது. நாற்பத்திரண்டு நிமிடம். பரிசு இல்லை, முனகலுக்கான பரிசு பாக் லோங்குக்கு. ஆனால் பட்டியலில் என் பெயர் இருந்தது, பக்கத்தில் நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்தது. அதை நடுவரிடம் கேட்டு ஒரு தாளில் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டேன், ஆபீசுக்கு.

ஞாயிறு, பகல் 11.30.

கூடாரத்தைப் பிரித்துக் குழம்புக் கரண்டியை விடுதலை செய்தோம். பாக் லோங் வந்து கை கொடுத்தார்.

“அண்ணே, அடுத்த வருசமும் வா. ஆனா வெள்ளிக்கிழமை நீயும் எங்களோட லோரில ஏறு. பள்ளிவாசல் வெளிய நின்னு எங்க செருப்பப் பாத்துக்கோ. செருப்பு பறக்காது.”

மோரிப்பில் காற்று ஒரே திசையிலிருந்து நேராக வரும், கொடுத்த வாக்கை மீறாத காற்று. எங்கள் திடலில் அப்படி இல்லை. தண்டவாளப் பக்கமிருந்து கொஞ்சம், கோயில் பக்கமிருந்து கொஞ்சம், கூரைகளுக்கு நடுவில் புகுந்து திடீரென்று கொஞ்சம். இத்தனை வருடமும் நான் அந்தக் காற்றைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிள்ளானிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் பட்டத்துக்கு அரை டிக்கெட்டை நானே கேட்டு வாங்கினேன். வழியில் டிரைவர் ஒரு பிரேக் போட்டார். பட்டம் முன்னால் சாய்ந்தது. என் கை தானாகப் போனது.

“ஜாங்கான் பெகாங்” என்றாள் கமலா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

கையை மடியில் வைத்துக்கொண்டேன். பட்டம் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, தானாக நிமிர்ந்து நின்றது.