நோட்டீஸ் கொடுத்துப் பிடித்த கொசு

நான் கொசு பிடித்துச் சம்பளம் வாங்கியவன். இதைச் சொன்னால் ஆட்கள் முதலில் சிரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு கேட்பார்கள். ஒருமுறை கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என் மடியிலிருந்த மரப்பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். சொன்னேன். "எங்க வீட்டுக்கு வந்து படுங்க. நீங்க பிடிக்கவே வேணாம், அதுவா வந்து உங்களப் பிடிக்கும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. அந்த மனிதரின் பேச்சைக் கேட்கவே நான் இன்னொரு டிக்கெட் எடுத்துப் பயணம் போயிருப்பேன்.

சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். முறைக்காய்ச்சல் என்ற மலேரியாவைப் பற்றி ஆராய ஒரு டாக்டர் வந்திருந்தார். டவுனில் ஒரு வாடகைக் கட்டடம், ஒரு மைக்ராஸ்கோப், நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொசுவின் வகைகளை டாக்டர் கழித்துப் போட்ட பழைய புத்தகத்துப் படங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். காய்ச்சல்காரரின் ரத்தத்திலுள்ள கிருமியைக் குறிப்பிட்ட ஒருவகைக் கொசுதான் அடுத்தவருக்குக் கொண்டுபோகிறது. அது ரத்தம் குடித்துவிட்டுக் கனத்த வயிற்றோடு பக்கத்துச் சுவரில் போய் உட்காரும். சுவரில் டிடிடி மருந்து அடித்திருந்தால் அங்கேயே சாகும். ஆனால் எந்த ஊர் வீடுகளில் அந்தக் கொசு தங்குகிறது என்று காட்டினால்தான் அந்த ஊர் மருந்தடிக்கும் பட்டியலில் சேரும். ஊருக்கு மூன்று தடவை போக வேண்டும். அதற்குள் கிடைக்க வேண்டும்.

விடிந்தும் விடியாததுமாக வீட்டுக்குள் போய் டார்ச் அடித்துப் பார்ப்பேன். வாலைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருப்பது நம்ம ஆள். அதன் மேல் கண்ணாடிக் குழாயை வைத்து, மறுமுனையிலுள்ள ரப்பர் குழாயை வாயில் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும். நடுவில் ஒரு துண்டு வலைத்துணி இருக்கும். இல்லாவிட்டால் காலைப் பலகாரம் அதுதான். கொசு உயிரோடு டாக்டரிடம் போய்ச் சேர வேண்டும். அவர் ஊசி முனையால் அதன் வயிற்றைப் பிரித்துக் கிருமி தேடுவார்.

கந்தர்வக்கோட்டைக்கு அப்பால் ஒரு கண்மாய்க்கரை ஊர். முந்திரித் தோப்பைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே காய்ச்சல் இருப்பது எங்களுக்குத் தெரியும்; விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் டாக்டரே கிருமியைப் பார்த்திருந்தார். முதல் செவ்வாய்க்கிழமை வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒரு கொசுகூட இல்லை. தரையெல்லாம் பச்சைச் சாணி மெழுக்கு, வாசலில் மாக்கோலம். நல்ல சுத்தமான ஊர் என்று நினைத்துக்கொண்டேன். என் மண்டையில் வேறொன்றும் ஏறவில்லை.

டாக்டர் என் காகிதத்தைப் பார்த்தார். "ரத்தத்துல கிருமி இருக்கு, வீட்டுல கொசு இல்ல. அப்ப கிருமி பஸ் ஏறி வந்துச்சா?" என்றார். நான் முந்திரி நிழலில் படுத்துத் தூங்கிவிட்டு வந்ததாக அவருக்குச் சந்தேகம். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

இரண்டாம் செவ்வாய்க்கு முதல் நாள் சாயங்காலமே போய்ப் பள்ளிக்கூடத்தில் படுத்து, வழக்கத்தைவிட முன்னதாக எழுந்துவிட்டேன். தெருவே புகைந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு மண்சட்டியில் நெருப்பு, மேலே நொச்சியும் வேப்பிலையும். ஏழாம் நம்பர் வீட்டு அக்கா சட்டியை மூலைமூலையாகக் காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டுக்காரருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல். அன்றைக்கு முறை நாள். கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"நீங்க வர்றீங்கன்னு தமுக்கு அடிச்சாங்கள்ல. சர்க்கார் ஆளு உள்ள வரையில வீடு கொசுவும் குப்பையுமா கெடந்தா நல்லாவா இருக்கும்?"

"கொசுவைப் பாக்கத்தானே நான் வர்றேன்."

"அதுக்காக? பொண்ணு பாக்க வாராகன்னா தலை சீவாம நிப்பாட்டுவமா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. அந்தப் பேச்சை ரசிக்காமலும் இருக்க முடியவில்லை.

நாங்கள் முன்கூட்டி அனுப்பும் நோட்டீஸைப் பார்த்துத் தமுக்கு அடிக்கச் சொன்னது ஊர்ப் பெரியவரான அம்பலகாரர். ராஜா காலத்திலிருந்தே, அதிகாரி வருகிறார் என்றால் பாதை கூட்டி, வீடு மெழுகி, புகை போட்டு வைப்பது அந்த ஊர் வழக்கமாம். ராஜா போய்விட்டார், வழக்கம் போகவில்லை. அம்பலகாரரிடம் போய்க் கெஞ்சினேன். கொசு கிடைத்தால்தான் மருந்து வரும் என்று படம் போட்டே காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரிங்க. காய்ச்சக்கார ஊருன்னு ஒங்க நோட்டுல எழுதிருவீங்க. அது நாலு பேரு காதுக்குப் போகும். பெறகு இங்கிட்டு எவன் பொண்ணு குடுப்பான்? ஒங்க டாக்டரு குடுப்பாரா?"

அவருக்குக் கல்யாண வயதில் இரண்டு மகன்கள்.

டவுனுக்குத் திரும்பி, நோட்டீஸ் அனுப்பாமல் போகிறேன் என்று டாக்டரிடம் கேட்டேன். முடியாது என்றுவிட்டார். இதற்குமுன் வேறோர் ஊரில் சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலை கொசு பிடிக்க வீட்டுக்குள் நுழைந்தவனைக் கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள். அதனால் கட்டாயம் நோட்டீஸ். நோட்டீஸ் போனால் தமுக்கு, தமுக்கு அடித்தால் புகை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்றாவது தடவைதான் கடைசி. முதல் நாளே அந்த அக்காவைத் தனியாகப் பார்த்தேன். "ஒங்க வீட்டுல மட்டும் புகை போடாதீங்க. மெழுகவும் வேணாம். ஒங்க வீட்டுக்காரர் நடுக்கத்துக்காகக் கேக்குறேன்." சரி என்றார். மனதார ஒப்புக்கொண்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் காலை குழாயும் டார்ச்சுமாகப் போனேன். வாசலிலேயே ஒரு பித்தளைச் சொம்போடு காத்திருந்தார். சொம்பின் வாயைத் துணியால் கட்டியிருந்தார்.

"இந்தாங்க. ஒத்த ஆளா எத்தனை சுவத்துல தேடுவீங்க? நானும் பக்கத்து வீட்டு ரெண்டு பேரும் சேந்து பிடிச்சு வச்சுட்டோம். ஒண்ணு விடல. பிடிச்சு முடிச்சுட்டுத்தான் புகை போட்டோம், நீங்க நிம்மதியா உக்காந்து காப்பி குடிக்கலாம்."

துணியை அவிழ்த்துப் பார்த்தேன். எல்லாம் செத்துக் காய்ந்து கிடந்தன. சில நசுங்கியிருந்தன. மாட்டுக்கொட்டில், அடுப்படி, மூன்று வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் பிடித்தது ஒன்றாய்க் கலந்துவிட்டது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். இறக்கையில் கறுப்புப் பட்டையோடு நாலைந்து, நான் மூன்று வாரமாகத் தேடிய அதே வகை. கையில் இருந்தது, ஆனால் கைக்கு வரவில்லை.

அந்த அக்காவிடம் கோபப்பட முடியுமா? கொடுத்த காப்பியைக் குடித்தேன்.

காகிதத்தில் 'ஏழாம் நம்பர் வீடு, சுவரில் நாலு' என்று பென்சிலால் எழுதினால் போதும், ஊர் பட்டியலில் சேர்ந்துவிடும். எழுதப் போனேன். உயிரோடு கொசு எங்கே என்று டாக்டர் கேட்பாரே. கேட்காமல் விட்டால் அது இன்னும் மோசம். எந்த இடத்தில் எது தங்குகிறது என்று கண்டுபிடிக்கத்தானே இத்தனை பாடும். நடந்ததை நடந்தபடி எழுதி, சொம்பிலிருந்ததை ஒரு காகிதப் பொட்டலத்தில் கொண்டுபோனேன்.

டாக்டர் பொட்டலத்தைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். "அதே கொசுதான்" என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு பேனாவை எடுத்து, சொம்பைப் பற்றி நான் எழுதியிருந்த வரியை அடித்தார். "ஆனா எங்க உக்காந்துச்சுன்னு தெரியாது, வயித்துல என்ன இருந்துச்சுன்னும் தெரியாது. இத எப்படிச் சேக்குறது?" இன்னும் ஒரே ஒரு தடவை போகிறேன் என்றேன். மேலே கணக்குப் போக வேண்டும், நாள் இல்லை என்றார். அவரும் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

பட்டியல் வந்தது. அந்த ஊர் இல்லை. அதற்கு அடுத்த ஊர் இருந்தது. அங்கே நோட்டீஸை யாரோ தொலைத்துவிட்டதால் தமுக்கே அடிக்கவில்லை.

மருந்தடிக்கும் ஆட்களோடு நானும் மாட்டுவண்டியில் போனேன். அடுத்த ஊருக்கு இந்த ஊர்த் தெரு வழியாகத்தான் பாதை. அம்பலகாரர் வண்டியை நிறுத்தி எல்லோருக்கும் மோர் கொடுத்தார். என் கையில் வெற்றிலை பாக்கும் ஒரு சின்னப் பை முந்திரிப் பருப்பும் வைத்து, "ஊரு மானத்தக் காப்பாத்திட்டீங்க" என்றார். திருப்பிக் கொடுத்தேன். பணிவுக்காக மறுக்கிறேன் என்று நினைத்து, பையை வண்டியிலேயே வைத்துவிட்டார்.

ஏழாம் நம்பர் வீட்டுப் பக்கம் போகும்போது அந்த அக்கா வெளியே வந்தார். வீட்டிலிருந்த பானை, பாய், மரப்பெட்டி எல்லாவற்றையும் தெருவில் எடுத்து வைத்திருந்தார். மருந்தடிக்க வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். கோணிச்சாக்குப் போர்வையோடு அவருடைய வீட்டுக்காரரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"இங்கிட்டுத்தான முதல்ல?" என்றார் அக்கா.

"இல்லக்கா. அடுத்த ஊருக்கு."

"அப்ப இங்க என்னைக்கு?"

உங்கள் ஊரில் கொசு இல்லை என்று எழுதியிருக்கிறது என்றேன். "நீங்கதான பாத்தீங்க, சொம்புல?" என்றார். பார்த்தேன் என்றேன். வண்டிக்காரர் மாட்டை முடுக்கினார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். பானைகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்.