முதல் வகுப்புக்கு ஒரு துணை

மெல்பர்ன் பல்கலைக்கழகம் ஒன்றின் புல்வெளியில் மாணவர் சங்கங்கள் வரிசையாகக் கூடாரம் போட்டிருக்கின்றன. வகுப்புகள் தொடங்கும் வாரம். சிட்னியிலிருந்து ஊர் பார்க்க வந்த நான், கறுப்பின மாணவர் சங்கத்தின் மேஜை முன் நிற்கிறேன். தட்டில் நம்மூர் இனிப்பு போண்டா போல ஒன்று.

"எடுத்துக்கோங்க, அம்மா சுட்டது," என்கிறாள் சங்கத் தலைவி அபுக். தென் சூடானிலிருந்து வந்த குடும்பம். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில்.

"சங்கம் எதுக்குங்க?"

"சில வகுப்புல எங்களை மாதிரி ஒரு முகம்கூட இருக்காது. அதனால புதுசா வர்றவங்களை முதல் நாள் தனியா விடமாட்டோம். ஒருத்தர் கூடப் போய்ப் பக்கத்துல உட்காருவோம்."

அவள் முடிப்பதற்குள் ஒரு புது மாணவி முதுகுப்பையோடு ஓடி வருகிறாள். "வகுப்பை எட்டிப் பார்த்தேன், அவ்வளவு கூட்டம்! நான் வீட்டுக்கே போறேன்."

அபுக் சுற்றிலும் பார்க்கிறாள். மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் வேறு வகுப்புகளுக்குத் துணை போய்விட்டார்கள். அவளும் போனால் மேஜைக்கு ஆள் இல்லை.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அன்று தனியாகப் போய் முதல் வரிசையிலேயே உட்கார்ந்தேன். இன்றும் எனக்கு அதில் பெருமைதான். இருந்தாலும் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது.

"நீங்க கூட்டிட்டுப் போங்க. இங்கே நான் பாத்துக்கறேன்."

"தட்டைக் காலி பண்ணிடாதீங்க!" அபுக் அந்த மாணவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள்.

சற்று நேரத்தில் இன்னொரு புது மாணவி தயங்கி வந்து, இது என்ன சங்கம் என்கிறாள்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறேன்.

"உன் முதல் வகுப்பு எப்போ?"