கட்டிக்கொடுத்த பெண்களின் கணக்கு

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீரனூருக்கு அருகே ஒரு கிராமத்துக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. அந்த ஊரில் புற்றுநோய் அதிகமா என்று விசாரிக்கும் சுகாதாரக் குழு, இதுவரை தெரிந்ததை ஊர்க்காரர்களிடம் சொல்ல ஒரு கூட்டம் வைத்திருந்தது. என் கல்லூரித் தோழி செல்வியின் ஊர் அது. அவள் தங்கை ஜெயா போன வருடம் மார்பகப் புற்றுநோயில் இறந்தாள். "நீ புள்ளியியல் படிச்சவ, வந்து கேளு" என்றாள் செல்வி. இப்படிச் சந்தேகப்படும் பல ஊர்களில் கடைசியில் எதுவும் நிரூபணமாவதில்லை. தயக்கத்தோடுதான் கிளம்பினேன்.

திருச்சியிலிருந்து கீரனூருக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவில் எட்டு கிலோமீட்டர், இருநூறு ரூபாய்.

"தண்ணி பாட்டில் வாங்கிக்கங்க மேடம். அந்த ஊர்த் தண்ணிய நாங்க குடிக்கிறதில்ல" என்றார் ஓட்டுநர்.

"தாகம் எடுத்தா?"

"டீ குடிச்சுக்குவோம்."

டீயும் அதே தண்ணீர்தானே என்று நான் கேட்கவில்லை.

கூட்டம் பள்ளிக்கூடத்தில். ஊரில் எத்தனை பேருக்கு நோய் என்று குழுவின் மருத்துவர் சொன்னதும் செல்வியின் அம்மா எழுந்தார்.

"இதுல எங்க ஜெயா இருக்காளா?"

"அவங்க முகவரி அறந்தாங்கிம்மா. அந்த ஊர்க் கணக்குல வருவாங்க."

"இருவத்தஞ்சு வருசம் இந்தத் தண்ணி குடிச்சவ. அங்கிட்டுப் போயி மூணு வருசந்தான்."

பின்னாலிருந்து ஒருவர், "கட்டிக்குடுத்தா அந்த ஊருப் புள்ளதானே ஆத்தா" என்றார்.

"அப்ப திருவிழாவுக்கு அவகிட்ட நன்கொடை கேட்டு போன் போட்டது யாருடா?"

சிரிப்பு அடங்கியதும் நான் பேசினேன். நோயுற்றவர்களை மட்டும் சேர்த்தால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த எல்லாப் பெண்களையும், நலமாக இருப்பவர்களையும் சேர்க்க வேண்டும் என்றேன். மருத்துவர் ஒப்புக்கொண்டு அங்கேயே ஒவ்வொரு வீடாகக் கேட்டு எழுத ஆரம்பித்தார். முதலில் ஜெயா. அம்மா கண்ணைத் துடைத்தபடி உட்கார்ந்தார்.

அடுத்து ஒரு பெண், "எம்மக மணப்பாறைல இருக்கா. நல்லா இருக்கா" என்றார். செல்வி என் கையை இறுக்கினாள்.

வெளியே வந்த பிறகுதான் சொன்னாள். ஜெயா சிகிச்சை பெற்ற வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் அந்த மணப்பாறை மகள்தான்.

"உங்களுக்கும் தெரியுமேம்மா, ஏன் சொல்லல?" என்று செல்வியின் அம்மாவிடம் கேட்டேன்.

"அவளுக்குக் கீழ ஒருத்தி கல்யாணத்துக்கு நிக்கிறா. நான் எப்புடிம்மா சொல்லுவேன்?"

அந்த ஊரில் நடப்பது தற்செயலா, காரணம் ஏதும் உண்டா, எனக்குத் தெரியாது. சரியான கணக்கு இருந்தாலும் தெரியாமல் போகலாம்.

போகிறவர்களுக்கு: மாலை ஆறரைக்கு மேல் அங்கே பேருந்து இல்லை, ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள். விசாரிக்கப் போகிறவர்களுக்கு: பெண்களைப் பற்றிச் சபையில் கேட்காதீர்கள். இன்னொரு நாள் போய், அடுப்படியில் உட்கார்ந்து கேளுங்கள். அப்போதும் சொல்வார்கள் என்று உறுதியில்லை.