பால்கடை ஹெர் எக்லியின் கை

சுபா, கவிதா, கெஞ்சிக் கேட்கிறேன், இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள். தமிழ் வகுப்பு ரீச்சருக்குக்கூட வேண்டாம்.

ஹெர் எக்லி இறந்துவிட்டார். இன்று காலை எங்கள் ஊர்ப் பால்கடை திறக்கவில்லை... மாரடைப்பாம்.

எனக்கு அழுகை வரவில்லை. சாப்பிட்டேன், ஹோம்வேர்க் செய்தேன்.

"அழாதை பிள்ளை," என்றார் அப்பா. "திங்கட்கிழமை வரைக்கும் முகத்திலை ஒண்டும் காட்டக்கூடாது. வோட்டுக்காக அழுகினம் எண்டு சொல்லுவினம்."

திங்கட்கிழமை ஊர்க்கூட்டம். எங்களுக்குச் சுவிஸ் பிரஜாவுரிமை கொடுப்பதா என்று கை உயர்த்தி முடிவு செய்வார்கள். அப்போது நாங்கள் மண்டபத்துக்கு வெளியே நிற்க வேண்டும்.

எங்கள் ஊர் உங்கள் வின்டர்தூர் நகரம் மாதிரி இல்லை. மேலே மாட்டுப் பண்ணைகள். கீழே, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மாடிவீடுகள். நடுவில் பால்கடை.

"கீழே இருப்பவர்கள் ரயிலில் வேலைக்குப் போய்க் களைத்து வருவார்கள், கூட்டத்துக்கு வரமாட்டார்கள்," என்பார் ஹெர் எக்லி. "மேலே இருப்பவர்கள் பால் கறந்துவிட்டு நேரே வந்துவிடுவார்கள். நான் கை தூக்கினால் அதில் பாதிப்பேர் தூக்குவார்கள். மற்றப் பாதிக்கு என்னோடு கோபம்."

எப்படித் தூக்குவார் என்று ஒருநாள் செய்தே காட்டினார். கையில் சீஸ் வெட்டும் கத்தி. "கத்தியைக் கீழே வையுங்கள், பயந்து ஓடப்போகிறார்கள்!" என்று அவருடைய மனைவி ஃப்ராவ் எக்லி கத்தினார்.

அப்பாவுக்கு ஹோட்டல் குசினியில் ஞாயிறு மட்டும்தான் லீவு. அதனால் வெறும் போத்தல்களை ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் ஊரின் பழைய போத்தல் சேர்க்கும் இரும்புப் பெட்டியில் போட்டார். சடார் சடார்... மேலூர் முழுக்கக் கேட்டதாம். இங்கே ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது.

அதற்கு ஹெர் எக்லி சிரித்தார். "இனி என் கடைக்குப் பின்னால் வைக்கச் சொல். வேலைநாளில் நான் போடுகிறேன்."

எங்கள் போத்தல் பை இன்றும் அங்கே இருந்தது. சாவீட்டுக்கு மேலூர் எல்லாம் அந்த வழியாகத்தான் வரும், பையைப் பார்த்தால் பேச்சாகிவிடும். பள்ளி முடிந்ததும் எடுக்கப் போனேன்.

தூக்கும்போது கலகலத்தது. பின்கதவில் ஃப்ராவ் எக்லி வந்து நின்றார்.

துக்கம் விசாரிக்கும் வார்த்தைகள் ஜெர்மனில் எனக்குத் தெரியும். ஆனால் வாயில் "குரூட்ஸி" மட்டும்தான் வந்தது. வழக்கமான வணக்கம். பால் வாங்க வந்தவள் மாதிரி... பையோடு ஓடி வந்துவிட்டேன்.

அவர் என்ன நினைத்திருப்பார்? கூட்டத்தில் அவருக்கும் ஒரு கை இருக்கிறதே. வீட்டில் சொல்லவில்லை. பை என் கட்டிலுக்குக் கீழே.

ஹெர் எக்லி, போய் வாருங்கள். உங்கள் மனைவிக்குச் சொல்லாததை உங்களுக்காவது...

வாசல் கதவைத் தட்டுகிறார்கள். அப்பா திறக்கிறார்.

"ஐயோ, ஃப்ராவ் எக்லி... உள்ளுக்கு வாங்கோ, இருங்கோ..." பதறினால் அப்பாவுக்குத் தமிழ்தான் வரும்.

ஃப்ராவ் எக்லி என் பெயரைச் சொல்லி என்னைக் கேட்கிறார். நான் போக வேண்டும்.