மஞ்சுளாக்காவின் மாம்பழச் சீக்கரணி

செவ்வாய்க்கிழமை காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது மஞ்சுளாக்காவின் மகன் பாகலூரிலிருந்து போனில் கூப்பிட்டான். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க, சித்தி" என்றான். அடுப்பை அணைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தள்ளுவண்டியில் தோசை சாப்பிட்ட எல்லோருக்கும் அவரைத் தெரியும். அதற்கு முன் நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில், ஒரே லைனில், பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தோம். நான் விருதுநகர்ப் பக்கம். அவர் வீட்டில் கன்னடம். காண்ட்ராக்ட் ஆட்களை ஒரே நாளில் நிறுத்தியபோது நான் ஊருக்கு மூட்டை கட்டினேன். அக்கா வாசலில் வந்து நின்றார். "நோடு, இங்க பாரு, ஊர்ல போய் என்ன பண்ணுவ? தோசைக்கல்லு என்கிட்ட இருக்கு. சட்னி நீ அரை. இனிப்ப நான் பாத்துக்கறேன்."

இனிப்பு என்று அவர் சொன்னது தோசைமேல் ஊற்றுவதற்கு. பழுத்த மாம்பழத்தைப் பிசைந்து வெல்லம், பால், ஏலக்காய் சேர்த்த சீக்கரணி. மாம்பழம் இல்லாத மாதங்களில் வெல்லப்பாகு கலந்த தேங்காய்ப்பால். முதல் வாரம் ஒருவரும் தொடவில்லை. "தோசைக்கு இனிப்பா?" என்று சிரித்தார்கள். பிறகு ஷிப்ட் முடிந்து வந்த ஒடிசாக்காரர்கள் சட்னியை ஒதுக்கிவிட்டு அதையே இன்னொரு கரண்டி கேட்டார்கள். அவர்களைப் பார்த்து நம் ஆட்களும் கேட்கத் தொடங்கினார்கள்.

ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருவர், சீக்கரணியை மாதக்கணக்கில் கெடாதபடி செய்து தரச் சொன்னார். அக்கா சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சினார். ஒரு கரண்டி தின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது சீக்கரணி இல்ல, ஜாம். அப்படியே சொல்லி வித்துக்கட்டும்" என்றார். கடைக்காரரும் அப்படியே விற்றார்.

சர்க்கரை நோய் வந்தபின் இனிப்பைச் சாப்பிடுவதை விட்டார்; செய்வதை விடவில்லை. ருசி பார்ப்பது என் வேலையானது. ஒருநாள் பாத்திரம் நிறையத் தேங்காய்ப்பால் தயார். வண்டியைச் சுற்றி ஆட்கள். வாயில் வைத்தேன்; பாகு அடிப்பிடித்திருந்தது. "லேசா கருகல் வாடை, அக்கா" என்றேன். அவர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உன் நாக்குல இருக்கா? அப்ப இருக்கு" என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டார். "இன்னிக்கு சட்னி மட்டுந்தான்" என்று வந்தவர்களிடம் அவரே சொன்னார்.

காரியம் முடிந்து நேற்றுதான் வண்டியைத் திறந்தேன். தேங்காய்ப்பாலை வாயில் வைத்தபோது இனிப்பு போதவில்லை. "குறையுது, அக்கா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். என் நாக்கை அவ்வளவு நம்பிய ஒருவர் எனக்கு இருந்தார். அந்த நம்பிக்கையைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னொரு கட்டி வெல்லம் தட்டிப் போட்டேன்.