அறிவுமதி ஏற்றுக்கொண்ட தப்பு

"ரெண்டு பேரு ஆளுக்கு ஒரு பிளேட் இட்லி வாங்குறீங்க. ரெண்டு பிளேட்லயும் அதே நாலு இட்லி, அதே சட்னி. இப்ப சொல்லுங்க, ரெண்டும் ஒண்ணா, வேறயா?"

புது பேட்ச் வந்தால் ஜாவா வகுப்பில் அறிவுமதி கேட்கிற கேள்வி இது. பாதிப் பேர் ஒண்ணு என்பார்கள், பாதிப் பேர் வேற என்பார்கள். சண்டை சூடு பிடிக்கும் வரை விட்டுவிட்டு, சாக்பீஸோடு போர்டுக்குப் போவாள்.

இன்ட் மாதிரி சின்ன எண்கள் நம் கையிலேயே இருப்பவை, இரண்டு சமக்குறி போட்டு ஒப்பிட்டால் சரியான பதில் வரும் என்பாள். எழுத்துகளை வைக்கிற ஸ்ட்ரிங், பட்டியல் போடுகிற அர்ரேலிஸ்ட் எல்லாம் அப்படியில்லை. பொருள் எங்கோ ஓரிடத்தில் இருக்கும், நம் கையில் இருப்பது அந்த இடத்தின் விலாசம் மட்டும். அதற்குத்தான் ரெஃபரன்ஸ் என்று பெயர். அங்கே இரண்டு சமக்குறி போட்டால், இரண்டும் ஒரே பிளேட்டா என்றுதான் ஜாவா பார்க்கும். உள்ளே இருக்கிற இட்லி ஒரே மாதிரியா என்று தெரிய வேண்டுமானால் ஈக்குவல்ஸ் என்று எழுதிக் கேட்க வேண்டும்.

"சட்னி மட்டும் வேறயா இருந்தா, மேடம்?" என்று எவனாவது கேட்பான்.

"அப்ப ஈக்குவல்ஸும் இல்லைனுதான் சொல்லும். உன்னை மாதிரி விட்டுக்கொடுத்துச் சாப்பிடத் தெரியாது அதுக்கு."

வகுப்பு சிரிக்கும். 2002-ஆம் வருஷத்தில், திருவண்ணாமலை தேரடி வீதிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் இப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்கிற ஒரே வகுப்பு அவளுடையதுதான்.

அவள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண். அப்பா சகாதேவனுக்கு மணிலாக் கொட்டை, அதாவது வேர்க்கடலை விவசாயம். கணக்கில் பட்டம் வாங்கிய பிறகு சென்னையில் அத்தை வீட்டில் தங்கி ஜாவா படித்தாள். அங்கேயே வேலை தேடியிருக்கலாம். அம்மா காசியம்மாளுக்கு உடம்பு சரியில்லாமல் போக, ஊருக்குத் திரும்பி சென்டரில் சேர்ந்தாள். உரிமையாளர் கோதண்டராமன், "ஜாவாவுக்கு இந்த ஊர்ல யாரும்மா வருவாங்க?" என்று இழுத்தார். ஒரு வருஷத்தில் உட்கார நாற்காலி பற்றாமல் போனது.

அந்த வகுப்பின் கடைசி வரிசையில் மாணவனாக இல்லாத ஒருவனும் வந்து உட்கார்ந்தான். வளவன். அதே சென்டரில் விஷுவல் பேசிக் நடத்துகிறவன். வீடு வேங்கிக்காலில். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அவனுக்கு ஜாவா கற்க ஆசை. கற்றுக்கொடுத்தவள் மனசைக் கொடுத்தது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு வீட்டிலும் பேசி, தை பிறந்ததும் நிச்சயம் என்று முடிவானது. அவன் அம்மா ஜோதியம்மாள் வந்து, மல்லிகைச் சரம் வைத்துவிட்டு, "என் பையன் கொடுத்து வச்சவன்" என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டுப் போனாள். அன்று அறிவுமதி கண்ணாடி முன்னால் நின்ற நேரம் கொஞ்சம் ஜாஸ்திதான்.

அந்தச் சமயத்தில்தான் பரசுராமனின் சத்திர வேலை வந்தது.

கிரிவலப் பாதையை ஒட்டி அடி அண்ணாமலையில் அவருக்கு ஒரு பெரிய சத்திரம். கார்த்திகை தீபத்துக்கு வருகிற குடும்பங்களுக்கு அங்கே பரம்பரை பரம்பரையாக அறை உண்டு. யாரும் ரசீது கொண்டுவர மாட்டார்கள். வாசலில் நின்று வீட்டுப் பெயரைச் சொன்னால் போதும். 'மண்ணாங்கட்டி வீடு' என்றால் கிணற்றடி அறை, 'உண்ணாமலை வீடு' என்றால் மாடி அறை. இத்தனை வருஷமும் பரசுராமன் எல்லாவற்றையும் மனசிலேயே வைத்திருந்தார். வயசாகி ஞாபகம் தடுமாற ஆரம்பித்ததும் கம்ப்யூட்டரைக் கேட்டார்.

அறிவுமதி எழுதினாள். ஒவ்வொரு வீட்டுப் பதிவும் ஒரு பொருள். எல்லாவற்றையும் ஓர் அர்ரேலிஸ்ட்டில் அடுக்கினாள். வாசலில் சொல்லும் பெயரைத் தட்டினால், பட்டியலில் உள்ள பெயரோடு ஈக்குவல்ஸ் வைத்து ஒப்பிட்டு அறையைக் காட்டும். சத்திரத்தில் அதைப் பொருத்தி, ஆட்களுக்குப் பழக்கிவிடும் பொறுப்பை வளவன் ஏற்றுக்கொண்டான். அவள் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்த நாட்கள் அவை. அவன் இருக்கிறானே என்று நிம்மதியாகப் போனாள்.

தீபத்தன்று மத்தியானம். பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நடந்து அவள் சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, வாசல் அல்லோலகல்லோலப்பட்டது. கைக்குழந்தைகளும் மூட்டை முடிச்சுகளுமாகக் குடும்பங்கள் வெயிலில் நின்றன. எந்த வீட்டுப் பெயரைத் தட்டினாலும் கம்ப்யூட்டர் 'பதிவு இல்லை' என்றது. பரசுராமன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பெரியவர், "எங்க தாத்தா காலத்து ரூமு. இல்லைனு சொல்ல இந்தப் பொட்டி யாருப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பரசுராமனின் மாப்பிள்ளை பிரசாத், சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறவர், கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிவுமதி உட்கார்ந்து புரோகிராமைத் திறந்தாள். கண்ணில் பட்ட முதல் வரியை மறுபடி படித்தாள். 'எழுதியவர்: வளவன்' என்று இருந்தது. அவள் பெயர் எங்கேயும் இல்லை. இன்னும் கீழே போனாள். ஈக்குவல்ஸ் இருந்த இடத்தில் இரண்டு சமக்குறி.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. விஷுவல் பேசிக்கில் பெயர்களை ஒப்பிட ஒரு சமக்குறியே போதும். தான் எழுதியதாகக் காட்டக் கை வைத்தவன், அந்தப் பழக்கத்தில் ஈக்குவல்ஸை எடுத்துவிட்டு ஜாவாவின் இரண்டு சமக்குறியைப் போட்டிருக்கிறான். சோதித்தும் பார்த்திருக்கிறான், தட்டித் தேடாமல் பெயர்களைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவைத்து. அப்படி எழுதிய ஒரே பெயரை ஜாவா ஒரே பொருளாகத்தான் வைத்துக்கொள்ளும், அதனால் சரி என்று சொல்லியிருக்கும். வாசலில் நின்று தட்டிய பெயர் புதுப் பொருள். எழுத்து ஒன்றாக இருந்தாலும் பிளேட் வேறு.

அவள் வரியைத் திருத்தினாள். மறுபடி ஓட்டினாள். 'உண்ணாமலை வீடு' என்று தட்டியதும் மாடி அறை வந்தது. சாவிகள் கை மாற ஆரம்பித்தன.

அப்போதுதான் பிரசாத் கேட்டார், இந்தக் கோளாறு யாரால் வந்தது என்று. அறிவுமதி வாயைத் திறக்கும் முன், பிரசாத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த வளவன் முந்திக்கொண்டான்.

"தேடுற பகுதி மட்டும் இவங்க எழுதினது சார். மத்ததெல்லாம் நான் எழுதினது."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் அவளைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போய், குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அறிவு, ஒத்துக்கோ. பிரசாத் சார் எனக்கு வேலை தர்றேன்னு சொல்லியிருக்காரு. இன்னிக்கு என் பேரு கெட்டா அது போச்சு. தைக்கப்புறம் உன் பேரு என் பேருன்னு தனியா இருக்கப் போகுதா?"

"என் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டீங்களே, அதுவும் இதுக்குத்தானா?"

"நமக்காகத்தான்" என்றான். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் நிஜம் என்று அவள் நம்பினாள். நேசிக்கிற பெண்ணுக்கு வேறென்ன தெரியும்.

எல்லோர் முன்னாலும் வந்து நின்று, "தப்பு என்னுதுதான் சார்" என்றாள்.

பிரசாத் தலையை ஆட்டிவிட்டு வளவன் பக்கம் திரும்பிக்கொண்டார். பரசுராமன் மட்டும், "பரவால்லம்மா, போ" என்றார். அந்தப் பரவாயில்லைதான் அவளை ஜாஸ்தி சுட்டது. சாயங்காலம் மலையுச்சியில் தீபம் ஏறியது. ஊரே கை கூப்பியது. அவளும் கூப்பினாள், என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல்.

வளவன் அடுத்த மாதமே சென்னைக்குப் போனான். கோதண்டராமன் கூச்சத்தோடு, அட்வான்ஸ்டு ஜாவா வகுப்பைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கலாம், ஊரில் பேச்சு அடங்கட்டும் என்றார். சரி என்றாள். தை வரட்டும் என்று இருந்தாள்.

தை வந்தது. நிச்சயத்துக்கு நாள் குறிக்கப் போன சகாதேவன், முகம் கறுத்துத் திரும்பிவந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு ஜோதியம்மாள் சொன்னதை அப்படியே சொன்னார். பரசுராமன் சத்திரத்தில் அத்தனை ஜனம் முன்னாடி பையனுக்கு அவமானம் தேடி வைத்த பெண்ணாம். ஒரு வேலையைப் பொறுப்பாகச் செய்யத் தெரியாதவளை வீட்டுக்கு எப்படிக் கூட்டிவருவது என்று கேட்டாளாம்.

"வளவன் இருந்தாராப்பா?"

"பொங்கலுக்கு வந்தவன், பக்கத்துலதான் உக்காந்துருந்தான். பேப்பர் படிச்சுக்கினு."

அறிவுமதி அழவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதை இறக்கி வைத்தாள். எந்தத் தப்பை அவனுக்காகத் தன் தலையில் சுமந்தாளோ, அதையே கல்லாக்கி அவள் மேல் எறிந்துவிட்டான். எறிந்த கையைக்கூட அவள் பார்க்க முடியாதபடி, தாயின் வாயால் எறிந்திருந்தான்.

மறுநாள் சத்திரத்துக்குப் போய்ப் பரசுராமனிடம் நடந்ததைச் சொன்னாள். பெரியவர் முழுவதும் கேட்டார். நம்பாமல் இல்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னிக்கு உன் வாயாலயே ஒத்துக்கினியேம்மா. இப்ப நான் போய் மாப்பிள்ளைகிட்ட என்னன்னு சொல்றது? கல்யாணம் நின்னுபோச்சு, அந்த ஆத்திரத்துல பொண்ணு பேசுறான்னுதானே சொல்வாரு?"

வாசல் வரை கூடவே வந்தார். கிரிவலப் பாதை அன்று காலியாகக் கிடந்தது.

அந்த வருஷம் ஆடி மாதம். சென்டரில் வகுப்புக்கு நடுவே கோதண்டராமன் கூப்பிட்டார், போன் என்று. எடுத்தாள்.

"அறிவு, நான்தான். ஒரு சின்ன சந்தேகம்" என்றது குரல்.

நலமா என்றுகூடக் கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தான். வாடிக்கையாளர் என்று சொந்தமாக ஒரு கிளாஸ், அதாவது பொருளுக்கான அச்சு, எழுதி, அதைச் சாவியாக வைத்து, சாவி கொடுத்தால் விவரம் தருகிற ஹேஷ்மேப்பில் போட்டானாம். அதே வாடிக்கையாளரைப் புதிதாக உருவாக்கிக் கேட்டால் நல், அதாவது ஒன்றுமில்லை, என்று வருகிறதாம். சாயங்காலத்துக்குள் பிரசாத்துக்குக் காட்ட வேண்டுமாம். "உன்னை விட்டா யாரைக் கேப்பேன், சொல்லு?"

விடை அவள் நாக்கு நுனியில் இருந்தது. இதுவும் அதே இட்லி பிளேட்தான், அந்தக் கிளாஸுக்கு ஈக்குவல்ஸும் ஹேஷ்கோடும் அவனேதான் எழுதிக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுத்தே பழகிய வாய், கேள்வி வந்தால் தானாகத் திறக்கும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி பிரசாத் சார்கிட்ட போய், சத்திரத்துல தப்பு பண்ணது யாருன்னு சொல்லுங்க. சொல்லிட்டு அவரையே எங்கிட்ட பேச வைங்க."

"அது முடிஞ்சுபோன விஷயம் அறிவு. இன்னுமா அதையே நெனச்சுக்கினு இருக்க?"

அவள் போனை வைத்தாள். ஆயிரம் முறை மன்னிக்கத் தயாராக இருந்தவள் அவள். ஒரே ஒரு முறை அவன் உண்மையைச் சொல்லியிருந்தால் போதும், அன்றைக்கும்கூட.

இரண்டடி நடப்பதற்குள் மறுபடி மணி அடித்தது. கோதண்டராமன் ரிசீவரை எடுத்து, கையால் பொத்திக்கொண்டு, அவன்தான் என்று ஜாடை காட்டினார்.

"கிளாஸ்ல இருக்காங்கனு சொல்லிடுங்க சார்" என்றாள். "எப்ப பண்ணாலும் அப்படியே சொல்லுங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.